கஸ்ஸுன்னா சாபம் இல்லீங்க (டிக்‌ஷனரி ஆப் ரிவ்யூ, 5க்கு 2)

ஒரு வருஷமா இந்த இங்கிலீஷ்-தமிழ் டிக்‌ஷனரி ஆப்பைத்தான் சப்டைட்டில் வேலைக்கு யூஸ் பண்றேன். நெட் இல்லாமலே ஓடுது, தேடினா டக்குனு வருது, அதுக்குத்தான் 2 ஸ்டார். மீதி 3 போனது ஒரே ஒரு வார்த்தையால. கஸ் (cuss).

அமெரிக்கப் படம் ஒண்ணு, பையன் ஏதோ அசிங்கமா சொல்லிடறான், அம்மா உடனே "டோன்ட் கஸ்"ங்கறா. ஆப்ல பார்த்தா "சபித்தல், சாபமிடுதல்"னு இருந்துச்சு, நானும் அவசரத்துல நம்பி "சாபம் விடாதடா"ன்னு போட்டு அனுப்பிட்டேன். செக் பண்றவங்க திருப்பி அனுப்பிட்டாங்க, பையன் யாருக்கு சாபம் விட்டான்னு கேட்டு. அந்தம்மா சொன்னது "கெட்ட வார்த்தை பேசாத", அவ்வளவுதான். எனக்கு ரொம்ப சங்கடமா போச்சு.

கஸ் வந்தது கர்ஸ் (curse)ங்கற வார்த்தையிலேர்ந்துதான், அது சரி. அமெரிக்கப் பேச்சுல ஸ் சத்தத்துக்கு முன்னாடி இருக்கற ர் விழுந்து போய் வெடிக்கறதைச் சொல்ற பர்ஸ்ட் (burst) பஸ்ட் ஆச்சு, குதிரையைச் சொல்ற ஹார்ஸ் ஹாஸ் ஆச்சு, அதே மாதிரிதான் இதுவும். ஆனா பிரிஞ்சு வந்தப்புறம் ரெண்டுக்கும் வேலை வேற. கர்ஸுக்கு இன்னிக்கும் சாபம்னு அர்த்தம் இருக்கு. இதே மாதிரி இன்னொரு வார்த்தை ஸ்வேர் (swear), அதுன்னா சத்தியம் பண்றதும் ஆகும் கெட்ட வார்த்தை பேசறதும் ஆகும், ஏன்னா கடவுள் பேரை வீணா இழுத்து ஆணையிடறதையே ஒரு காலத்துல மோசமான பேச்சா நினைச்சாங்க. கஸ்ல சத்தியமும் கிடையாது சாபமும் கிடையாது, வாய்ல வர்ற வசவு மட்டும்தான். கதையில வர்ற சூனியக்காரி கர்ஸ்தான் போடுவா, கஸ் போடமாட்டா.

"ஷி கஸ்ட் மி அவுட்"னு ஒரு ஆளைச் சேர்த்து சொன்னா திட்டித் தீர்த்துட்டான்னு அர்த்தம், ஆப் இதுக்கு "வெளியே சபித்தாள்"ங்குது. "ஸ்டபர்ன் கஸ்"னா பிடிவாதம் புடிச்ச ஆளு, கொஞ்சம் செல்லமாக்கூட சொல்லலாம், 1775லேயே ஆளைக் குறிக்க இந்த வார்த்தை வந்தாச்சு, ஆப்ல அந்த அர்த்தமே இல்ல. லண்டன் பசங்க கஸ்னு சொன்னா ஒருத்தரை மட்டம் தட்டி அவமானப்படுத்தறது, அதுவும் இல்ல. பேச்சு வழக்கு, அமெரிக்க வழக்குன்னு ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தாலே நான் உஷாராயிருப்பேன், ஆபீஸ் லெட்டர்ல எழுதற வார்த்தை இல்லைன்னாவது தெரிஞ்சிருக்கும். ஆடியோ மட்டும் கரெக்டா இருக்கு, நம்ம பஸ் மாதிரியே கஸ்.

இதைவிட என்னை வருத்தினது சிறுவர் மோட். அதை ஆன் பண்ணா கஸ்ஸையே மறைச்சு "புண்படுத்தும் சொல்"னு காட்டுது. ஐயோ, அது கெட்ட வார்த்தையே இல்லீங்க, கெட்ட வார்த்தைங்கறதுக்குப் பேரு! அமெரிக்காவுல அம்மா அப்பா டீச்சர் எல்லாரும் குழந்தைங்ககிட்ட தாராளமா சொல்ற வார்த்தை, அதைச் சொல்லித்தானே பேசாதன்னு கண்டிக்கறாங்க. அதைப் போய் குழந்தைக்குக் காட்டாம ஒளிச்சு வெச்சா எதைப் பேசக்கூடாதுன்னு அது எப்படி கத்துக்கும்? அதே மோட்ல ஸ்வேர் ஜார்னு தேடினா "சத்திய ஜாடி"ன்னு ஜம்முனு வருது, கெட்ட வார்த்தை பேசினவங்க காசு போடற உண்டியல் அது, யாரும் பார்த்து எழுதலைன்னு நல்லாவே தெரியுது.

ஆப் பண்றவங்களுக்கு: "கெட்ட வார்த்தை பேசு, திட்டு"ன்னு முதல் வரியில போடுங்க, சாபத்தைத் தூக்கிடுங்க, சிறுவர் மோட்ல திறந்து விடுங்க. ஃபீட்பேக்ல மூணு தடவை அனுப்பிட்டேன், பதில் இல்ல. மாத்தின அன்னிக்கே வந்து 4 ஸ்டார் போடறேன்.