ஐபாடில் இருந்த பாடல்களை மீட்டுத் தருகிறேன் என்றவரை நம்பிக் கெட்டேன்

பழைய ஐபாடோ வேறு எம்பி3 பிளேயரோ கையில் இருந்து, அதிலுள்ள பாடல்களைக் கம்ப்யூட்டருக்கு எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் இருக்கிறீர்களா? எந்த ரெக்கவரி ஆளிடமும் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னுடையது 160 ஜிபி ஐபாட் கிளாசிக். 2014-ல் ஆப்பிள் நிறுத்திவிட்ட வரிசை. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் கொண்டது. அதில் 4,200-க்கும் மேல் பாடல்கள் இருந்தன. பெரும்பாலும் நானே சிடியிலிருந்து ஏற்றியவை. அவை போனாலும் தேடிப்பிடித்துவிடலாம். ஆனால் 31 ஃபைல்கள் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அப்பா ஆர்மோனியத்தோடு பாடி கேசட்டில் பதிந்தவை. டேப் பிளேயரை லேப்டாப்போடு இணைத்து ஒவ்வொரு பக்கமாக ஓடவிட்டு எம்பி3 ஆக்கினேன். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்து நாடா ஒட்டிக்கொண்டதால் பிற்பாடு அவற்றைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. ஒரு பாட்டில் நடுவில் நிறுத்தி, "இரு, சுருதி விலகிருச்சு" என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடி முதலிலிருந்து எடுப்பார். பாட்டைவிட அந்த ஒரு வரிக்காகத்தான் அதை அடிக்கடி கேட்பேன்.

லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் செத்துப்போனது. பேக்கப் எடுத்து வைக்கவில்லை, அது என் தப்பு. மிஞ்சிய ஒரே பிரதி ஐபாடில். இதைக் கவனியுங்கள்: அந்த நேரத்தில் ஐபாடுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாப் பாட்டும் பாடியது. எதுவுமே தொலைந்திருக்கவில்லை.

புதுக் கம்ப்யூட்டரில் செருகியதும், ஐபாடில் பாட்டு ஏற்ற ஆப்பிள் கொடுத்த மென்பொருளான ஐடியூன்ஸ் ஒரு கேள்வி கேட்டது. இந்த ஐபாட் வேறொரு லைப்ரரியோடு, அதாவது வேறொரு கம்ப்யூட்டரின் பாடல் தொகுப்போடு இணைந்திருக்கிறது, இதில் இருப்பதை அழித்துவிட்டு இந்த லைப்ரரியோடு சிங்க் செய்யவா (இதிலுள்ள பாடல்களை ஏற்றவா) என்று. பயந்துபோய் கேபிளைப் பிடுங்கினேன். ஐபாடின் அமைப்பே அப்படி: கம்ப்யூட்டரிலிருந்து பிளேயருக்குப் பாட்டு போகும், திரும்பி வராது. 2001-ல் வந்த முதல் ஐபாடின் உறையிலேயே 'இசையைத் திருடாதீர்கள்' என்று அச்சிட்டிருந்தார்கள். ஐடியூன்ஸ் கடையில் வாங்கிய பாடல்களை மட்டும் அதே கணக்குள்ள கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். சிடியிலிருந்தும் கேசட்டிலிருந்தும் நாமே ஏற்றியதற்கு அந்த வழி இல்லை. ஆகவே இது நம்மால் ஆகாத காரியம் என்று முடிவுகட்டி, டேட்டா ரெக்கவரி செய்கிற ஒருவரிடம் போனேன்.

அவர் பிளேயரைக் கையில் வாங்கிய உடனே, செருகிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "சார், இதுல எல்லா பாட்டும் என்க்ரிப்ட் ஆகியிருக்கும். லேபுக்கு அனுப்பித்தான் உடைக்கணும்." நான் அப்பாவின் ஃபைல்களைப் பற்றிச் சொன்னேன். "கவலைப்படாதீங்க சார், ஒண்ணும் போகாது" என்றார். பாதிப் பணம் முன்னால் கொடுத்தேன். என்ன செய்யப் போகிறார் என்று எழுதி வாங்கவில்லை.

என்க்ரிப்ஷன், அதாவது பாடல்களுக்குப் பூட்டு இருக்கிறது என்று சொன்னதே பொய். பூட்டு இருந்தது ஐடியூன்ஸ் கடையில் விற்ற பாடல்களுக்கு மட்டும். அதையும் 2009-ல் ஆப்பிள் எடுத்துவிட்டது. நாம் சிடியிலிருந்து எடுத்த எம்பி3-க்கு எந்தக் காலத்திலும் பூட்டு கிடையாது. இது தெரியாததால்தான் தலையாட்டினேன்.

ஒரு வாரம் கழித்து ஐபாடையும் ஒரு பென் டிரைவையும் கொடுத்தார். "டிஸ்க் போயிருச்சு சார். நல்ல வேளை எங்ககிட்ட கொண்டுவந்தீங்க. ஆறாயிரம் ஃபைல் எடுத்திருக்கோம்." மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் பென் டிரைவைத் திறந்தபோதுதான் உறைத்தது. என்னிடம் இருந்ததே நாலாயிரத்துச் சொச்சம். ஆறாயிரம் எங்கிருந்து வந்தது? ஒரு ஃபைலுக்கும் பெயர் இல்லை. எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் நீளமாக எண்களும். ஒன்றைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த பாட்டுதான். சரியாக 1 நிமிடம் 12 விநாடியில், ஒரு சொல்லின் நடுவே அறுந்து, வேறொரு பாட்டின் இடைப்பகுதி ஓட ஆரம்பித்தது. அடுத்தது 9 விநாடியில் முடிந்துபோனது. ஒரே பாட்டு மூன்று துண்டாக மூன்று ஃபைலில் இருந்தது. ஆறாயிரம் ஆன கணக்கு அதுதான்.

அந்தப் பெயரிடும் முறை ஃபோட்டோரெக் என்ற மென்பொருளுடையது. நல்ல மென்பொருள், அதன் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். லேப் என்று அவர் சொன்னது இதைத்தான். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் அழிந்துபோன டிஸ்க்கில், எம்பி3-யின் தொடக்கம் போல ஏதாவது தென்பட்டால் அங்கிருந்து அடுத்தடுத்து இருப்பதை அது அள்ளிக்கொண்டு வரும். ஃபைல் ஒரே இடத்தில் தொடர்ச்சியாக இருந்தால் முழுதாகக் கிடைக்கும், சிதறி இருந்தால் பக்கத்து ஃபைலும் சேர்ந்து வரும். சரி, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த என் ஐபாடின் பட்டியல் எப்படி அழிந்தது?

பதில் ஐபாடிலேயே இருந்தது. செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைப் பார்த்தேன். பாடல்கள்: 212. ஒன்றுகூட என்னுடையதில்லை. பிளேயரின் பெயரும் மாறியிருந்தது. டிஸ்க் போய்விட்டது என்றாரே, அந்த 212 பாட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடின. ஐடியூன்ஸ் என்னிடம் கேட்ட அதே கேள்வி அவருடைய கம்ப்யூட்டரிலும் வந்திருக்கிறது. நான் பயந்து பிடுங்கினேன், அவர் 'அழித்துவிட்டு சிங்க் செய்' என்பதை அழுத்திவிட்டார். என் பாடல்கள் அழிந்தன, அவற்றின் இடத்தில் அவருடைய லைப்ரரி வந்து உட்கார்ந்தது. அழிந்த இடத்தில் வேறெதுவும் எழுதப்படாதவரைதான் மீட்க வழி உண்டு. எழுதப்பட்ட இடத்தை எந்த லேபாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

போன் செய்தேன். முதலில் "அது டெஸ்டிங்குக்கு போட்டது சார்" என்றார். என் பாட்டெல்லாம் எங்கே என்றதும், "நீங்க கொடுக்கும்போதே டிஸ்க் போயிருந்துச்சே" என்றார். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. கை தவறி அழுத்தியதை மன்னித்திருப்பேன். அதை மறைத்து, கெடாத டிஸ்க்கைக் கெட்டது என்று சொல்லிக் காசும் வாங்கினாரே, அதை மன்னிக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் செய்ய வேண்டியிருந்ததை எனக்குப் பிறகு காட்டினார். அது எவ்வளவு எளிது என்று பார்த்தபோது வயிறு எரிந்தது. சிங்க் தானாக ஓடாமல் இருக்க, விண்டோஸில் ஷிஃப்டையும் கண்ட்ரோலையும், மேக்கில் கமாண்டையும் ஆப்ஷனையும் சேர்த்துப் பிடித்தபடி ஐபாடைச் செருக வேண்டும். ஐடியூன்ஸே இல்லாத கம்ப்யூட்டர் என்றால் இன்னும் நல்லது. கிளாசிக் மாடலில் சென்டர் பட்டனையும் மெனுவையும் சேர்த்து அழுத்தி, ஆப்பிள் சின்னம் வந்ததும் சென்டரையும் பிளேயையும் அழுத்திப் பிடித்தால் டிஸ்க் மோட் வரும். பிறகு அது ஒரு சாதாரண பென் டிரைவ் மாதிரிதான். மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால் 'ஐபாட் கண்ட்ரோல்' என்று ஒன்று தெரியும். அதற்குள் 'மியூசிக்'. அதற்குள் எஃப்00, எஃப்01 என்று வரிசையாக ஃபோல்டர்கள். எல்லாப் பாட்டும் அங்கேதான். மியூசிக் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து வேறிடத்தில் போட்டால் வேலை முடிந்தது. பெயர்கள் அர்த்தமில்லாத நான்கு எழுத்தாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் டேக்காக இருக்கும், ஏதாவது மியூசிக் பிளேயரில் சேர்த்தவுடன் சரியாகக் காட்டும். ஐபாட் நானோ, ஐபாட் ஷஃபிள் எல்லாவற்றிலும் இதே அமைப்புதான். ஐபாட் டச்சில் மட்டும் இந்த ஃபோல்டர் இப்படித் தெரியாது. வேறு கம்பெனி பிளேயர்கள் பெரும்பாலும் ஒளித்துவைப்பதுகூட இல்லை, செருகினால் நேராகக் காப்பி செய்துகொள்ளலாம்.

ஏற்கெனவே அழிந்துவிட்டதா? அந்த நிமிஷமே பிளேயரை நிறுத்தி வையுங்கள். புதுப் பாட்டு ஏற்றாதீர்கள். ரீஸ்டோர் என்று கேட்டால் அழுத்தாதீர்கள். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் எந்த மென்பொருளையும் ஓட்டாதீர்கள். ஓட ஓட இன்னும் கெடும், அதைத்தான் உண்மையான லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். கொடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: முதலில் டிஸ்க்கை முழுதாக இமேஜ் (அச்சு அசலான பிரதி) எடுத்து, அந்த இமேஜில் வேலை செய்வீர்களா, அல்லது அசலிலேயே கை வைப்பீர்களா? தொழில் தெரிந்தவர் இமேஜ் என்றுதான் சொல்வார், அதுவும் அசலில் எதுவும் எழுதப்படாதபடி தடுத்துக்கொண்டு எடுப்பார். எத்தனை ஃபைல் கிடைத்தது என்ற எண்ணிக்கைக்குக் காசு கொடுக்காதீர்கள். உங்களுக்கு முக்கியமான பத்து ஃபைல்களின் பெயரை எழுதிக் கொடுத்து, அவற்றை அவர் எதிரிலேயே கடைசி விநாடி வரை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு மீதியைக் கொடுங்கள்.

நானும் நண்பரும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளை வைத்து ஐபாடை முழுதாக இமேஜ் எடுத்தோம். ஒரு இடத்தில்கூடப் படிக்க முடியாத செக்டர் இல்லை. டிஸ்க் போகவே இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. சிடி பாடல்களில் பெயர் தொலைந்தவற்றை மியூசிக்பிரெய்ன்ஸ் பிகார்ட் என்ற மென்பொருள் ஒலியை வைத்தே அடையாளம் கண்டு கொடுத்தது. அப்பாவின் குரல் எந்த டேட்டாபேஸிலும் இல்லை, அதனால் அதற்கு அந்த உதவி கிடைக்காது. ஆனால் ஏற்றியபோது நானே டேக்கில் 'அப்பா, கேசட் 3, இரண்டாம் பக்கம்' என்று தட்டி வைத்திருந்தேன். அந்த 'அப்பா' என்ற சொல்லை இமேஜ் முழுக்கத் தேடினோம்.

31-ல் 19 முழுதாகக் கிடைத்தன. ஐந்து பாதியில் நிற்கின்றன. ஏழு இல்லை. அந்தப் பாட்டு பாதியில் நிற்கிற ஐந்தில் ஒன்று. ஆர்மோனியம் நிற்கிறது, அப்பா "இரு" என்கிறார், அதோடு ஃபைல் முடிந்துவிடுகிறது. மீதி எங்காவது துண்டாகக் கிடக்கலாம் என்று பெயரில்லாத ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஆயிரத்து நானூறு பாக்கி.