கியர் இல்லாத மௌண்டன் பைக்: பழைய ஜப்பான் பிரேமா, அலுமினியமா?

குறைந்த செலவில், தூக்க இலகுவான, கியர் இல்லாத மௌண்டன் பைக் ஒன்றைக் கொழும்பில் கட்ட நினைத்தால் மூன்று வழி இருக்கிறது. பழைய ஜப்பான் மௌண்டன் பைக்கின் குரோமோலி (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த, பலமான இரும்பு) பிரேமை எடுத்து அதில் கட்டலாம். ஓரளவு புதிய அலுமினிய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி, கியரைக் கழற்றிவிட்டு, செயினை இழுத்துப் பிடிக்க டென்ஷனர் ஒன்றை மாட்டலாம். இல்லாவிட்டால் இதற்கென்றே செய்த பிரேமை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம். நான் ஓடுவது முதலாவது. சின்னம்மாவின் மகன் ஓடுவது இரண்டாவது. இரண்டு சைக்கிளையும் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் கீழே வைத்து நான்தான் கழுவிப் பூட்டுகிறேன் என்பதால் அதன் குணமும் எனக்கு வடிவாகத் தெரியும். மூன்றாவதை நண்பர் ஒருவரிடம் வாங்கிக் கொஞ்சத் தூரம் ஓடியதோடு சரி.

கியரை ஏன் விடவேண்டும் என்பதை நீட்டத் தேவையில்லை. பாரம் குறையும், பழுதாகிற சாமான் குறையும், சேறு போய் அடைகிற இடமும் குறையும். கொழும்பு தட்டையான ஊர். காலி வீதியில் கியர் மாற்றவேண்டிய ஏற்றமே கிடையாது. ஏற்றம் வேண்டுமென்றால் ஹைலெவல் வீதியால் ஹோமாகம தாண்டி, பாதுக்க, அவிசாவளைப் பக்கம் இறப்பர் தோட்டத்துப் பாதைகளுக்குப் போகவேண்டும். அங்கே செம்மண். மழை பெய்தால் டயருக்கும் பிரேமுக்கும் இடையில் களியாகப் பிடித்துக்கொள்ளும். திரும்பி வந்து வைக்கிற இடமோ கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். சேறு ஒரு பக்கம், உப்புக்காற்று ஒரு பக்கம். கீழே எழுதுவதெல்லாம் இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான்.

பாரத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். ஆக்கள் பிரேமைக் கையில் தூக்கிப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள், ஆனால் பிரேமில் மிச்சப்படுத்துவது சொற்பம். நல்ல குரோமோலி பிரேம் இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும். அதே அளவு அலுமினியம் அதைவிட ஏறக்குறைய அரைக் கிலோ குறைவு. மலிவான சைக்கிளில் வருகிற ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க்கை எடுங்கள்: அது மட்டுமே இரண்டரைக் கிலோ வரும். அதைக் கழற்றி ஒரு கிலோ சொச்சம் வருகிற சாதாரண குரோமோலி ஃபோர்க் போட்டால் ஒரே அடியில் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் போய்விடும். கியர், லீவர், கேபிள், மேலதிகப் பல்சக்கரங்கள் எல்லாம் கழன்றால் இன்னும் ஒரு கிலோ. கடையில் புதிதாக நிற்கிற மலிவு மௌண்டன் பைக் 14, 15 கிலோ இருக்கும். என்னுடையது 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் விலை உயர்ந்த சாமான் ஒன்றுமே இல்லை.

ஃபோர்க் விஷயத்தில் பழைய பிரேமுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு. அது பிறந்ததே ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்குக்காக. பிரேமோடு அதன் ஃபோர்க்கும் சேர்ந்தே வரும், தனியாகத் தேடவேண்டியதில்லை. அலுமினிய பிரேம்கள் 80 அல்லது 100 மில்லிமீற்றர் அமுங்குகிற ஃபோர்க்குக்காகச் செய்யப்பட்டவை. அதில் கட்டையான ஃபோர்க்கைப் போட்டால் முன்பக்கம் தாழும். 20 மில்லிமீற்றர் தாழ்ந்தால் ஹாண்டில் கோணம் ஏறத்தாழ ஒரு பாகை நிமிர்ந்துவிடும். 40 தாழ்ந்தால் இறக்கத்தில் முன்சில்லு கைக்கு அடங்காமல் துள்ளும். அதற்கென்று நீளமாகச் செய்த ஃபோர்க் இருக்கிறது, ஆனால் இங்கே அதைத் தேடியெடுக்கக் காலும் காசும் தேயும்.

சரி, இதெல்லாம் ஓரளவு சமாளிக்கக்கூடியவை. உண்மையில் முடிவெடுக்கவேண்டிய இடம் பிரேமின் பின்முனை. பின்சில்லின் அச்சு வந்து உட்காருகிற அந்த வெட்டு எப்படி இருக்கிறது என்பதை எதற்கும் முன்னால் பாருங்கள்.

கியர் சைக்கிளில் செயின் எவ்வளவு தொய்ந்தாலும் பின்கியரின் ஸ்பிரிங் அதை இழுத்துக்கொள்ளும். கியரைக் கழற்றியபிறகு அந்த வேலையை யார் செய்வது? செயின் ஓட ஓடத் தேய்ந்து நீளும். இப்படியான சைக்கிளின் செயின் ஏறக்குறைய 1.2 மீற்றர் நீளம். நூற்றுக்கு ஒன்று தேய்ந்தால் 12 மில்லிமீற்றர் கூடிவிடும். செயின் மேலே ஒரு தடம் கீழே ஒரு தடமாக ஓடுவதால், அந்தத் தொய்வை எடுக்கப் பின்சில்லு அதில் பாதி, அதாவது 6 மில்லிமீற்றர் பின்னால் போகவேண்டும். வெட்டு படுக்கையாகவோ சரிவாகவோ நீண்டிருந்தால் நட்டைத் தளர்த்தி, சில்லை இழுத்து, இறுக்கிவிட்டுப் போகலாம். செங்குத்தாக மேல்நோக்கி வெட்டியிருந்தால் அச்சு ஒரு மில்லிமீற்றர்கூட அசையாது.

செங்குத்து வெட்டிலும் டென்ஷனர் இல்லாமல் ஓடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பற்களின் எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் பார்த்து, தற்செயலாகச் செயின் இறுக்கமாக வருகிற சோடியைக் கண்டுபிடிப்பது அந்த வழி. புதுச் செயினில் அது அழகாகவே ஓடும். மேலே சொன்ன கணக்கின்படி செயின் தேயத் தொடங்கியதும் தொய்வை எடுக்க இடமில்லை. குலுங்குகிற பாதையில் செயின் கழன்றுவிழும், மிதித்துக்கொண்டிருக்கும்போது கழன்றால் காலும் முகமும் தப்பாது.

ஆகவே செங்குத்து வெட்டென்றால் டென்ஷனர்தான். பின்கியர் மாட்டுகிற துளையில் பூட்டுகிற சின்னக் கை, அதன் நுனியில் ஒரு சிறு பல்சில்லு, உள்ளே ஸ்பிரிங். காசு இல்லாவிட்டால் கழற்றிய பின்கியரையே கேபிள் இல்லாமல் பூட்டி, அதன் திருகாணியால் ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கலாம். நன்றாகவே வேலை செய்யும், முதலில் அதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன். ஆனால் கியரை விட்டதே எதற்காக? சேற்றில் தொங்குகிற மென்மையான சாமான் ஒன்று இருக்கக்கூடாது என்றுதானே. தம்பியின், அதாவது சின்னம்மாவின் மகனின், டென்ஷனரைப் போன மழைக்காலத்துக்குப் பிறகு கழற்றிப் பார்த்தேன். சிறு பல்சில்லின் நடுவில் இருக்கிற புஷ்ஷுக்குள் செம்மண் பொடியும் துருவும் சேர்ந்து இறுகி, சில்லு சுற்றுவதையே விட்டிருந்தது. செயின் அதன்மேல் உரசி உரசி ஓடியதில் ஒரு பக்கத்துப் பற்கள் ஊசியாகக் கூர்ந்திருந்தன, மறுபக்கம் புதிதுபோல. அவன் வாரத்துக்கொருமுறை செயினுக்கு ஒயில் விடுகிறவன்தான். அந்தப் புஷ்ஷுக்குள் ஒயில் போகாது, கழற்றிக் கிரீஸ் வைத்தால்தான் உண்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் டென்ஷனர் தொங்குகிற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு. கல்லில் பட்டால் பிரேம் உடையாமல் தான் வளையவேண்டும் என்றே மென்மையாகச் செய்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கம்பனிக்குக் கம்பனி, மொடலுக்கு மொடல் அது வேறு வேறு வடிவம். ஒன்று வளைந்தால் அதே வடிவத்தைத் தேடி சைக்கிள் கடைகள் இருக்கிற டாம் வீதி முழுக்க ஏறி இறங்கவேண்டும். அலுமினிய சைக்கிள் எடுப்பவர்கள் வாங்குகிற அன்றே அந்தத் துண்டில் மேலதிகமாக ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வது புத்தி.

என் சைக்கிளில் இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை. 15 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். இரண்டு நட்டையும் தளர்த்தி, சில்லை வலப்பக்கம் கொஞ்சம் இடப்பக்கம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி இறுக்குவேன். பிறகு செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவேண்டும், ஒரு சென்ரிமீற்றர் அளவு ஆடினால் சரி. கிராங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தால் ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தொய்வது தெரியும், ஏனென்றால் முன் பல்சக்கரம் எதுவும் முழு வட்டமாக உட்காருவதில்லை. இறுகுகிற இடத்தை வைத்துத்தான் அளவு பார்க்கவேண்டும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது வலப்பக்க அச்சு முன்னால் இழுபட்டு, சில்லு சரிந்து பிரேமில் உரசும். அதற்கு அச்சின் வலப்பக்கத்தில் செயினை இழுத்துப் பிடிக்கிற திருகாணித் துண்டு ஒன்றைப் போட்டால் அசையாது. விரைவாகக் கழற்றுகிற லீவர் அச்சைவிட நட் போடுகிற அச்சுதான் இங்கே நம்பிக்கை.

இன்னொன்றும் உண்டு. பழைய பிரேமோடு வருகிற பின் ஹப் (சில்லின் நடுப்பகுதி) பெரும்பாலும் ஃப்ரீவீலை, அதாவது மிதிக்காதபோது சும்மா சுற்றுகிற பின் பல்சக்கரத்தை, திருகிப் பூட்டுகிற வகை. இந்த நாட்டில் மரக்கறி ஏற்றிப் போகிற சாதாரண சைக்கிளில் இருக்கிற அதே 18 பல்லு ஃப்ரீவீல், அதே அகலச் செயின் இதற்கும் பொருந்தும். அகலச் செயின் கியர் சைக்கிளின் மெல்லிய முன் பற்களிலும் ஓடும். அதனால் பாதுக்கையில் சந்திக் கடையில் நின்றாலும் சாமான் கிடைக்கும். டாம் வீதிப் பக்கம் எனக்குச் சில்லுக் கம்பி கோத்துக்கொடுத்த நானா பிரேமைக் கையில் வாங்கியதுமே, "இதுக்குச் சாமான் தேடி அலையத் தேவையில்ல தம்பி, எல்லாம் நம்ம கையில இருக்கிறதுதான்" என்றார். அவர் செய்தது முக்கியமான வேலை. கியர் ஃப்ரீவீலின் இடத்தில் ஒற்றைப் பல்லைப் போட்டால் அது உள்ளே தள்ளி நிற்கும், முன் பல்லோடு நேர்கோட்டில் வராது. அச்சில் வலப்பக்கம் இருக்கிற வளையங்களை இடப்பக்கம் மாற்றி, கம்பிகளை இழுத்து ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தால் நேர்கோடு கிட்டும். இரண்டு பக்கக் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே இழுவையில் நிற்பதால் சில்லும் பலக்கும். இதில் அலுமினிய சைக்கிளுக்கு ஒரு சுகம் இருக்கிறதை ஒத்துக்கொள்ளவேண்டும்: பல்சக்கரங்களைத் திருகாமல் வரிசையாகச் செருகுகிற கெசற் ஹப் என்றால் ஒற்றைப் பல்லின் இரு பக்கமும் வளையங்களைக் கூட்டிக் குறைத்து நேர்கோட்டை வீட்டிலேயே பிடிக்கலாம். பிவிசி குழாயை வெட்டிப் போட்டாலும் ஓடும்.

இரும்பின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். துரு முதலாவது. வெளியில் தெரிகிற துரு பெரிதில்லை, குழாய்க்குள் நிற்கிற தண்ணீர்தான் பிரேமைத் தின்னும். மழையில் ஓடினால் சீட் கம்பத்தைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடியவிடுகிறேன், வருடத்துக்கு ஒரு தடவை உள்ளே ஒயில் சுற்றுகிறேன். இரும்புக் குழாய்க்குள் அலுமினிய சீட் கம்பத்தைக் கிரீஸ் இல்லாமல் விட்டால் உப்புக்காற்றில் இரண்டும் ஒன்றாகப் பிடித்துப் பிரிக்கமுடியாமல் போகும். பழைய பிரேம் வாங்கும்போது அந்தக் கம்பம் அசைகிறதா என்று கட்டாயம் பாருங்கள், அசையாவிட்டால் விட்டுவிட்டு வாருங்கள். அடுத்தது பிரேக். சில்லைப் பின்னால் இழுத்தால் ரிம்மும் போகும், பிரேக் கட்டையை அதற்கேற்ப நகர்த்தவேண்டும். டிஸ்க் பிரேக் வேண்டும் என்று நிற்பவருக்குப் பழைய பிரேம் சரிவராது. மழையில், நீண்ட இறக்கத்தில் தம்பியின் டிஸ்க் பிரேக் என்னுடையதைவிட நன்றாகப் பிடிக்கிறது. டயரும் அப்படித்தான்: எனக்கு 26 அங்குலம் மட்டுமே, அவனுக்கு 29. வேர்க்கட்டைகளின் மேல் அவனுடையது உருண்டு போய்விடும், எனக்குக் கை அதிரும். அலுமினிய பிரேம் உப்புக்காற்றில் பத்து, பதினைந்து வருடம் எப்படி நிற்கும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்லமுடியாது. எங்களிடம் இருப்பது அவ்வளவு பழையதில்லை.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிற பிரேமில் பின்முனை நகரும், அல்லது கிராங்க் உட்காருகிற குழாய்க்குள் மையம் விலகிய உருளை ஒன்று சுற்றிச் செயினை இறுக்கும். டிஸ்க் பிரேக்கும் போடலாம், செயினும் நேராக இறுகும். ஓடிப் பார்த்தவரையில் அருமை. அனுப்புகிற செலவும் வரியும் சேர்ந்தால் அது மலிவுக் கணக்குக்குள் வராது.

பழைய பிரேம் தேடுபவர்களுக்கு இரண்டு விஷயம். சரிவான நீண்ட வெட்டு 1980களின் பிரேம்களில் அதிகம், 90கள் போகப் போகச் செங்குத்து வெட்டே வழமையாகிவிட்டது. ஆனால் நீண்ட வெட்டு இருப்பதெல்லாம் குரோமோலி இல்லை. ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த மௌண்டன் பைக் சாயல் சைக்கிள்கள் பல சாதாரண கனத்த இரும்பு. குழாயில் ஒட்டியிருக்கும் டாங்கே (ஜப்பான் குழாய்க் கம்பனி) அல்லது 4130 (குரோமோலியின் தர எண்) என்ற ஸ்டிக்கரைத் தேடுங்கள். அது உரிந்துபோயிருந்தால் சீட் கம்பத்தின் விட்டத்தைப் பாருங்கள்: 26.4 முதல் 27.2 மில்லிமீற்றர் வரை என்றால் குழாய்ச் சுவர் மெல்லியது, 25.4 என்றால் பெரும்பாலும் கனத்த இரும்புதான். மிஞ்சுகிற காசை டயரில் போடுங்கள். என் சைக்கிளில் பிரேமைவிட இரண்டு டயரும்தான் விலை கூடியவை. மடிக்கக்கூடிய டயர் விளிம்புக்குள் கம்பி வைத்ததைவிட இலகு. சுற்றுகிற இடத்தில் குறைகிற பாரம் மிதிக்கும் காலுக்கு உடனே தெரியும்.

பற்களின் கணக்கு கடைசி. 26 அங்குலச் சில்லில் முன்னால் 32, பின்னால் 18 என்றால் நிமிடத்துக்கு 80 சுற்று மிதிக்கும்போது மணிக்கு 17, 18 கிலோமீற்றர் போகும். இறப்பர் தோட்டத்து ஏற்றங்களுக்கு எனக்கு அது சரி. நகரத்துக்குள் ஓட 16 நல்லது, அதே மிதியில் 20 வரும். 18இலிருந்து 16க்கு மாறினால் பின்சில்லு 6 மில்லிமீற்றர் பின்னால் போகவேண்டும். செயினை வெட்டாமலே அந்த நீண்ட வெட்டு அதற்கு இடம் கொடுக்கிறது.