சிம்வா, அட்டோர்வா, ரோசுவா: உங்கள் மருந்துப் பைக்கு எது பொருந்தும்?

பிஜிபி மண்டபத்துக் கல்யாணப் பந்தியில் ஐம்பது வயதைத் தாண்டிய நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு வந்துவிடும். “எனக்கு சிம்வா இருபது. உங்களுக்கு என்னண்ணே?” “ரோசுவா அஞ்சு.” “அப்போ உங்களுக்குக் கொஞ்சமாத்தான் ஏறியிருக்கு.” இந்தக் கணக்கு தப்பு. ரோசுவாஸ்டேட்டின் 5 மி.கி., அட்டோர்வாஸ்டேட்டின் 10 மி.கி., சிம்வாஸ்டேட்டின் 20 முதல் 40 மி.கி. ஆகிய மூன்றும் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை ஏறத்தாழ ஒரே அளவுக்குத்தான் குறைக்கின்றன. மாத்திரை மாறி எண் குறைந்ததும் ‘டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டார்’ என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. எண் கூடிவிட்டது என்று பயந்து மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுபவர்களும் உண்டு.

சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்துக்குப் போனாலும் வீட்டுக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்குப் போனாலும், கொலஸ்ட்ராலுக்குப் பெரும்பாலும் கையில் கிடைப்பது ஸ்டேட்டின் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மூன்றில் ஒன்றுதான். எது வலிமையானது என்ற கேள்வியைவிட, நாம் ஏற்கெனவே விழுங்கும் மற்ற மாத்திரைகளோடு எது ஒத்துப்போகும் என்ற கேள்விதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நம்மில் பலருக்குக் கொலஸ்ட்ரால் தனியாக வருவதில்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடவே வருகின்றன.

ஒப்பீட்டுக்கு முன் எண்களைப் பற்றி ஒன்று. இங்கே ரத்தப் பரிசோதனை அறிக்கை மில்லிமோல் கணக்கில் வரும், இந்தியாவில் மில்லிகிராம் கணக்கில் வரும். இங்குள்ள எண்ணை 38.67ஆல் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். இங்கே எல்டிஎல் 2.6 என்றால் அங்கே 100, இங்கே 1.8 என்றால் அங்கே 70. இதய நோய் ஆபத்து குறைவாக உள்ளவருக்கு 3.4க்குக் கீழே இருந்தால் போதும். மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவருக்கு 1.4க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். அதனால் ஒரே எல்டிஎல் எண் உள்ள அண்ணனுக்கும் தம்பிக்கும் வேறு வேறு மாத்திரை எழுதப்பட்டால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சிம்வாஸ்டேட்டின்

மூன்றில் மூத்தது. பழையது என்பதால் மட்டமானது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் இருபதாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்துக் காட்டியது இதன் 40 மி.கி. அளவுதான். 

இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று நேரம். உடம்பு தானாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பது இரவில்தான் அதிகம். சிம்வா சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். அதனால்தான் ‘ராத்திரி படுக்கும் முன்’ என்று உறையில் எழுதித் தருகிறார்கள். இரவு வேலைக்குப் போகும் பாதுகாவலருக்கும், சாப்பிட்டதும் சோபாவிலேயே தூங்கிவிடும் பழக்கம் உள்ளவருக்கும் இது அடிக்கடி தவறும்.

இரண்டாவது பெரிய சிக்கல். கல்லீரலில் ஒரு குறிப்பிட்ட நொதிதான் சிம்வாவை உடைத்து வெளியேற்றுகிறது. அதே நொதியை மறிக்கும் வேறு மருந்து உள்ளே வந்தால் சிம்வா ரத்தத்தில் பல மடங்கு சேர்ந்து தசையைப் பதம் பார்க்கும். இரத்த அழுத்தத்துக்கு நம் வீடுகளில் மிகச் சாதாரணமாகப் புழங்கும் அம்லோடிபின் சாப்பிடுபவருக்கு சிம்வா 20 மி.கி.யைத் தாண்டக்கூடாது. டில்டியாசெம், வெராபமில் என்றால் 10 மி.கி.தான் எல்லை. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும், இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மாத்திரைகளும், கோவிட்டுக்குத் தரும் பாக்ஸ்லோவிட்டும் சிம்வாவோடு சேரவே கூடாது. வயிற்றுப்புண் கிருமிக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தரும் மருந்துத் தொகுப்பில் கிளாரித்ரோமைசின் பெரும்பாலும் இருக்கும். சளிக்கும் வயிற்றுக்கும் ஒரு கிளினிக், கொலஸ்ட்ராலுக்கு வேறு இடம் என்று போகிறவர்கள் இங்கே நிறைய. சளிக்கும் வயிற்றுக்கும் பார்க்கும் அந்த டாக்டருக்கு சிம்வா பற்றி நாமாகச் சொன்னால்தான் தெரியும். அவர் பெரும்பாலும் ‘அந்த நாட்களுக்கு மட்டும் சிம்வாவை நிறுத்துங்கள்’ என்பார். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

கிரேப்ஃப்ரூட் பழமும் இதே நொதியைத்தான் மறிக்கிறது. அது நம் வீட்டில் அதிகம் வராது. ஆனால் சீனப் புத்தாண்டு சமயத்தில் அக்கம்பக்கத்தார் கொடுக்கும் பம்பளிமாசு அதற்கு நெருங்கிய உறவு. அதிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. சிம்வா சாப்பிடுபவர் அதைத் தினமும் முழுப் பழமாக உரித்துத் தின்னாமல் இருப்பது நல்லது.

அட்டோர்வாஸ்டேட்டின்

இதுவும் அதே நொதி வழியாகத்தான் போகிறது. ஆனால் சிம்வா அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. அம்லோடிபினோடு வழக்கமான அளவுகளில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே மாத்திரைக்குள் வருவதும் உண்டு. கிளாரித்ரோமைசின் வந்தால் இதற்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு என்பதால் டாக்டரிடம் சொல்லும் வேலை இங்கேயும் இருக்கிறது.

இதன் பெரிய வசதி இரண்டு. உடம்பில் நெடுநேரம் தங்குவதால் காலையோ இரவோ எப்போது வேண்டுமானாலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருந்தால் சரி. நோன்பு மாதத்தில் நோன்பு திறந்தபின் ஒன்று என்று மாற்றிக்கொள்வதிலும் சிரமமில்லை. அடுத்தது சிறுநீரகம். சர்க்கரை நோயால் சிறுநீரகம் பலவீனப்பட்டவர்களுக்கு இதன் அளவைக் குறைக்கத் தேவையில்லை. நம் சமூகத்தில் சர்க்கரை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று பார்த்தால் இது சின்ன விஷயமே இல்லை.

ரோசுவாஸ்டேட்டின்

மில்லிகிராமுக்கு மில்லிகிராம் வைத்துப் பார்த்தால் மூன்றில் வலுவானது இதுதான். மேலே சொன்ன நொதியை இது அதிகம் நம்பியிருக்கவில்லை என்பதால் அந்த ஆன்டிபயாட்டிக் தொல்லை குறைவு. இதுவும் நேரம் பார்க்கத் தேவையில்லாத மாத்திரை. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மக்னீசியம் கலந்த மருந்தை மட்டும் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் ரோசுவா தொடங்கினால் ரத்த உறைவுப் பரிசோதனையை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும்.

இந்த மாத்திரையைப் பற்றி நாம் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி சிங்கப்பூரிலிருந்தே வந்தது. இங்கே ஒரே சூழலில் வாழும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், வெள்ளையர் என நான்கு பிரிவினருக்கும் ஒரே அளவு ரோசுவா கொடுத்து ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து 2005இல் வெளியிட்டார்கள். வெள்ளையரோடு ஒப்பிட்டால் சீனர்களுக்கு 2.3 மடங்கு, மலாய்க்காரர்களுக்கு 1.9 மடங்கு, இந்தியர்களுக்கு 1.6 மடங்கு ஏறியது. சாப்பாடும் தட்பவெப்பமும் ஒன்றாக இருந்தும் இந்த வித்தியாசம் வந்ததால், காரணம் பெரும்பாலும் மரபணுவில் இருக்க வேண்டும். ஆசிய வம்சாவளியினருக்கு 5 மி.கி.யில் தொடங்கச் சொல்வது இதனால்தான். பிரிட்டிஷ் மருந்துக் குறிப்பேடு ஆசியர்களுக்கு 40 மி.கி. கூடவே கூடாது என்கிறது. அந்தப் பந்தியில் ‘அஞ்சுதான்’ என்று கேலி செய்யப்பட்டவருக்கு அவருடைய டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவருக்கு ரோசுவாவை 10 மி.கி.க்கு மேல் தருவதில்லை.

அட்டோர்வாவும் ரோசுவாவும் நேருக்கு நேர் மோதினால்? தென்கொரியாவில் இதயக் குழாய் அடைப்பு உள்ள 4,400 பேரை வைத்து மூன்று ஆண்டுகள் பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை ஆகியவற்றை மொத்தமாகக் கூட்டிப் பார்த்ததில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ரோசுவா எல்டிஎல்லைக் கொஞ்சம் கூடுதலாகக் குறைத்தது. ஆனால் புதிதாகச் சர்க்கரை வந்து மருந்து தொடங்கியவர்கள் ரோசுவா பக்கம் 7.2 சதவீதம், அட்டோர்வா பக்கம் 5.3 சதவீதம். கண்புரை அறுவை சிகிச்சையும் ரோசுவா பக்கம் சற்று அதிகம்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் சாப்பிடும் ஒரு சராசரி சிங்கப்பூர்த் தமிழருக்கு அட்டோர்வாதான் சிக்கல் குறைந்த தேர்வு என்று எனக்குப் படுகிறது. சிம்வாவில் இலக்கைத் தொட்டுவிட்டு, அம்லோடிபினும் இல்லாமல், இரவில் மறக்காமல் போடுகிறவர் மாற்றவே தேவையில்லை. எல்டிஎல்லை வெகுவாக இறக்க வேண்டியிருந்து சிறுநீரகமும் நன்றாக இருந்தால் ரோசுவா, அதுவும் கீழிருந்து மேலே. இது டாக்டரிடம் பேசுவதற்கான என் கருத்து, நீங்களாக மாற்றிக்கொள்வதற்கான சீட்டு அல்ல.

மாத்திரை வேண்டாம், மூலிகை போதும் என்பவர்களுக்கு

சீன மருந்துக்கடைகளில் கிடைக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரைதான் ஸ்டேட்டினுக்கு இங்கே முக்கியமான போட்டி. ‘இயற்கையானது’ என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் பொருள் மோனகோலின் கே. அது வேதியியல்படி லோவாஸ்டேட்டின் என்ற மருந்தேதான். 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் ஸ்டேட்டின் அது. ஸ்டேட்டின் குடும்பமே பூஞ்சையிலிருந்து பிறந்ததுதான். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1970களில் பூஞ்சைகளில் தேடித்தான் முதல் ஸ்டேட்டினைக் கண்டெடுத்தார்.

ஆக, அரிசி மாத்திரை சாப்பிடுபவரும் ஸ்டேட்டின்தான் சாப்பிடுகிறார். எவ்வளவு என்று தெரியாமல் சாப்பிடுகிறார். புட்டிக்குப் புட்டி அளவு மாறும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நச்சு சில தயாரிப்புகளில் கலந்திருக்கும். 2024 மார்ச்சில் ஜப்பானில் இந்த வகை மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, அவை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. டாக்டர் தந்த ஸ்டேட்டினோடு இதையும் சேர்த்துப் போடுவது இருப்பதிலேயே மோசம். மருந்து இரட்டிப்பாகிவிடும்.

உணவு மாற்றம் கட்டாயம் வேண்டும். தேங்காய்ப்பால் லக்சா, நெய் பிராட்டா, கொழுப்புள்ள ஆட்டிறைச்சி எல்லாம் எல்டிஎல்லை ஏற்றும். ஆனால் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே தயாரிப்பதால், இலக்குக்கு வெகு தூரம் இருப்பவருக்கு உணவு மட்டும் போதாது. அதைத் தன் கட்டுப்பாட்டின் தோல்வி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஊரிலிருந்து வரும் அட்டைகள்

மனத்துக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சென்னையிலோ திருச்சியிலோ விலை குறைவு என்று மூன்று மாதத்துக்கு வாங்கி வருகிறோம். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவு வரை கொண்டுவரச் சுகாதார அறிவியல் ஆணையம் அனுமதிக்கிறது, அதில் தவறில்லை. சிக்கல் அட்டைக்குள் இருக்கிறது. இந்தியாவில் ரோசுவாவோடு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சேர்த்த கூட்டு மாத்திரைகளும், ஃபெனோஃபைப்ரேட் என்ற இன்னொரு கொழுப்பு மருந்து சேர்த்தவையும் சாதாரணமாக விற்கின்றன. பெயரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். இங்கே ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிற பெரியவர், ஊர் அட்டையில் இன்னொரு ஆஸ்பிரினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மற்றொன்றும் இருப்பது தெரியாமல் விழுங்கினால், வயிற்றில் ரத்தக்கசிவு வரை போகலாம். பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களை ஒன்று விடாமல் படியுங்கள். அம்மா, அப்பாவின் அட்டைகளை நீங்கள்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

மருந்துச் செலவுதான் காரணம் என்றால் இங்கேயே வழி இருக்கிறது. சாஸ் அட்டை, மெடிசேவ், ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் பதிந்த குடும்ப மருத்துவர் எல்லாமே கொலஸ்ட்ராலுக்கும் பொருந்தும். காப்புரிமை முடிந்த இந்த மூன்று மாத்திரைகளும் இன்று பொதுப்பெயரில் மலிவாகவே கிடைக்கின்றன.

கால் வலிக்கிறதே?

மாத்திரையை நிறுத்துபவர்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் உடம்பு வலி. வலி பொய்யில்லை. ஆனால் அதற்குக் காரணம் எப்போதும் மாத்திரைதானா என்பது வேறு. பக்கவிளைவால் ஸ்டேட்டினை விட்டுவிட்ட 60 பேருக்கு, சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று வைத்துப் பார்த்தார்கள்; கொடுத்த மாத்திரையில் மருந்து இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை. 2020இல் வந்த முடிவின்படி, ஸ்டேட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. அதைப் பார்த்தபின் பாதிப் பேர் மறுபடி மருந்தைத் தொடங்கினார்கள்.

அதனால் வலி வந்தால் நிறுத்திவிட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டின் தரலாம், அல்லது குறைந்த அளவோடு எசெடிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரை 10 மி.கி. சேர்க்கலாம். ஸ்டேட்டினை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும். எசெடிமைப் சேர்த்தால் 20 சதவீதம் வரை இறங்கும். தசை தொந்தரவு உள்ளவருக்கு அளவை ஏற்றுவதைவிட இந்தக் கூட்டு எனக்கு நல்லதாகத் தெரிகிறது. கவுட் வலிக்குக் கோல்ச்சிசின் சாப்பிடுபவர் அதையும் சொல்லுங்கள், அதுவும் ஸ்டேட்டினும் சேர்ந்தால் தசைக்குச் சுமை. இதெல்லாம் போதாதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் இன்கிளிசிரான் ஊசியும் இருக்கின்றன. விலை அதிகம். பரம்பரைக் கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கும் மாரடைப்புக்குப் பிறகும் எண் இறங்காதவர்களுக்கும்தான் பெரும்பாலும் அவற்றை யோசிப்பார்கள்.

கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி ஸ்டேட்டினை நிறுத்த வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக்கூடாது. தசைவலி தாங்க முடியாமல் வந்து சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால், அல்லது கண் மஞ்சளாகத் தெரிந்தால், அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு.