கூட்ட நடையா, தனி நடையா: இங்கிலாந்து ஊரடங்கில் நாய் வாக்கிங் தொழில்

2020 மார்ச் 23-இல் ஊரடங்கு வந்ததும், வீட்டிலேயே இருந்தவர்கள் தங்கள் நாய்களைத் தாங்களே கூட்டிப்போனார்கள். தொழிலாக வாக்கிங் கூட்டிப்போகிறவர்களுக்கு மிஞ்சியது செவிலியர் வீடுகளும், வெளியே வரக்கூடாத முதியவர் வீடுகளும்தான். அந்த வேலையை வேனில் நாலு நாய்களை ஏற்றிச் செய்வதா, ஒவ்வொன்றாகச் செய்வதா? ஒவ்வொன்றாகத்தான் என்பது என் தீர்ப்பு.

வருமானத்தில் கூட்ட நடைதான் மேல், அதில் பேச்சே இல்லை. சுயதொழில் செய்வோருக்கான முதல் அரசு மானியம் மூன்று மாத சராசரி லாபத்தில் 80 சதவீதம், உச்சவரம்பு 7,500 பவுண்ட். வாங்கிக்கொண்டே வேலையும் செய்ய முடிந்தது. தனி நடையின் இழப்பை அது ஓரளவு தாங்கியது. ஆனால் 2018-19 வரிக் கணக்கு காட்டியவர்களுக்குத்தான் அது கிடைத்தது. அது கிடைக்காமல் கூட்ட நடைக்குப் போன புதியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

விஷயத்தை முடிவு செய்வது வாசல்தான். இரண்டு மீட்டர் தள்ளி நின்று நாயைக் கைமாற்றுவதில் வரிசை தப்பவே கூடாது. உரிமையாளர் உள்ளேயே ஹார்னஸ் (நாயின் மார்பைச் சுற்றும் பட்டை) மாட்டி, தன் லீஷை (நாயைப் பிடிக்கும் வாரை) கேட் கம்பத்தில் கட்டிவிட்டுப் பின்வாங்க வேண்டும். நாம் முதலில் நம் ஸ்லிப் லீஷை, அதாவது சுருக்குப் போட்ட வாரை, காதுக்குப் பின்னால் உயரமாகப் போட்டு, சுருக்கு தளராமல் இருக்க அதிலுள்ள தடுப்பை இறக்கி, இரண்டாவது லீஷை ஹார்னஸில் கோத்த பிறகே அவருடையதைக் கழற்ற வேண்டும். முன்பே கழற்றினால் அந்த ஒரு நொடியில் நாய் உரிமையாளரிடம் பாயும், இல்லையென்றால் சாலைக்கு. சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியில் கட்டுவது இன்னும் மோசம்: நாய் இழுக்க, தொட்டி உருள, அந்தச் சத்தத்தில் மிரண்டு தொட்டியையும் இழுத்துக்கொண்டே ஓடும். திரும்ப விடும்போது இதே வரிசை தலைகீழாக.

நாலு நாய்க்கு இப்படி எட்டு முறை. வேனில் மூன்று குரைத்துக்கொண்டிருக்க, நாலாவது வாசலில் கை அவசரப்படும். தப்பு நடப்பது அங்கேதான். தனி நடையிலும் ஒரு நாய்க்கு இரண்டு முறைதான், ஆனால் அவசரம் இல்லை.

கழுவும் வேலையும் உண்டு. நாய்க்கு இரண்டு நைலான் லீஷ், ஒவ்வொரு நடைக்குப் பின்னும் சோப்புத் தண்ணீரில். தோல் லீஷ் தினமும் நனைந்தால் வெடித்துவிடும். கையில் சானிடைசர் ஈரம் காயாமல் நாயைத் தொடாதீர்கள், நக்கிவிடும்.

வேனில் தனித்தனிக் கூண்டு, உதவிக்குத் தன் வீட்டிலேயே வசிக்கும் ஆள் என்று இருப்பவர்களுக்கு என் கணக்கு மாறலாம்.