2308 முதல் 2919 வரை காணோம்: விசேஷத்துக்கு ஃபோட்டோகிராபர் புக் செய்கிறவர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி பக்கம் விசேஷத்துக்கு ஃபோட்டோ, வீடியோவுக்கு ஆள் பேசப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஸ்டுடியோ பெயரைச் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

வைகாசியில் காவேரிப்பட்டணத்தில் என் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. நான் தாய்மாமன். அன்றைக்கு ஃபோட்டோவில் வேறு யார் விழாவிட்டாலும் தாய்மாமன் விழுந்தாக வேண்டும், அது ஊருக்கே தெரியும். பிள்ளையார் கோயிலில் இருந்து பம்பை மேளத்தோடு 51 தட்டு சீர் எடுத்துப் போனோம். ஒரு தட்டு முழுக்க எங்கள் தோட்டத்து செந்தூரா மாம்பழம். இன்னொன்றில் பெங்களூரா வைத்தோம். ஜூஸ் ஃபேக்டரிக்குப் போகிற காயைத் தட்டில் வைத்திருக்கிறார்களே என்று அக்காவின் மாமியார் சொன்னதாகக் கேள்வி. அது வேறு கதை.

ஸ்டுடியோவுக்கு மொத்தம் 45,000 பேசி, மாமா 20,000 அட்வான்ஸ் கொடுத்திருந்தார். ஓனர் ஃபோட்டோ எடுத்தார். கூட வந்த பையன் வேறு கம்பெனி கேமராவில் வீடியோ எடுத்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பென்டிரைவ் வந்தது. அன்று ராத்திரியே அக்கா ஃபோன் செய்தாள். "டேய், நம்ம ஆளுங்க ஒருத்தரையும் காணோம்டா. சீரே இல்ல. பச்சை ஓலை கட்டினது இல்ல. நீ மாலை போட்டது இல்ல. பந்தியில இருந்துதான் படமே ஆரம்பிக்குது." ஸ்டுடியோ பேசியது மாமா என்பதால் சந்தேகம் அவர் பக்கம் திரும்பியது. நாலு நாள் அவரோடு அக்கா பேசவில்லை. பாவம் மனுஷன், அவருக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

ஓனரிடம் கேட்டால், "அண்ணே, காலையில மண்டபத்துல லைட் பத்தல, ஃபிளாஷும் மக்கர் பண்ணுச்சு. சரியா வராததைக் கழிச்சுட்டோம்" என்றார். நானும் முதலில் நம்பினேன். அப்புறம்தான் பென்டிரைவில் ஒவ்வொரு படத்தின் கீழும் இருக்கிற நம்பரைப் பார்த்தேன். கேமரா எடுக்கிற படங்களுக்கு வரிசையாக நம்பர் போட்டுக்கொண்டே போகும், மெமரி கார்டை மாற்றினாலும் தொடரும்படி வைத்திருப்பார்கள். முந்தின நாள் சாயங்காலம் மேடை அலங்காரம் எடுத்த படம் 2307-இல் முடிகிறது. அடுத்த படம் 2920, நேரம் பகல் 11:40. நடுவில் 612 படம். காலை ஆறு மணியில் இருந்து எடுத்ததில் ஒன்றுகூடவா தேறாமல் போகும்?

நம்பரைக் காட்டிக் கேட்டதும் பேச்சு மாறியது. கார்டு கரப்ட் ஆகிவிட்டதாம். பெங்களூரில் லேபுக்கு அனுப்பினால்தான் எடுக்க முடியுமாம். 15,000 ஆகுமாம், அதிலும் பாதியை "நம்ம பழக்கத்துக்காக" அவரே போட்டுக்கொள்வாராம். ஆனால் முதலில் பாக்கி 25,000 வர வேண்டும். அதோடு விட்டாரா? "பாப்பாவைக் கூட்டிட்டு வாங்கண்ணே, தட்டெல்லாம் வச்சு ஃப்ரீயா மறுபடி எடுத்துத் தர்றேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

உண்மையைச் சொன்னது அந்தப் பையன்தான், டீக்கடையில் வைத்து. வீடியோ கேமராவில் கார்டு நிறைந்துவிட்டது. மாற்றுக் கார்டு கொண்டுவரவில்லை. ஃபோட்டோ கேமராவில் இருந்து கழற்றி மேசை மேல் வைத்திருந்த கார்டை எடுத்துப் போட்டிருக்கிறான். இந்தக் கார்டைப் பயன்படுத்த முடியாது, ஃபார்மேட் செய்யவா, அதாவது காலி செய்து புதிதாக்கவா என்று கேமரா கேட்டது. அவசரத்தில் ஓகே அழுத்திவிட்டான். பத்து நிமிஷம் வீடியோ எடுத்த பிறகுதான் உறைத்திருக்கிறது. அன்று சாயங்காலமே ஓனரிடம் சொல்லியிருக்கிறான். "சொல்லாதே, பாத்துக்கலாம்" என்றாராம்.

கேமரா மேல் தப்பில்லை. வேறு கருவியில் ஃபார்மேட் செய்த கார்டு வந்தால் சில கேமராக்கள் இப்படித்தான் கேட்கும். பெரும்பாலான கேமராக்கள் கார்டில் டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டரில்தான் படம் போடுகின்றன. அதற்குள்ளே கேனான் தன் பெயரிலும், சோனி 100எம்.எஸ்.டி.சி.எஃப். என்றும் தனித்தனி ஃபோல்டர் திறக்கும். வீடியோவுக்குத் தனி இடம், தனிக் கணக்கு. ஒன்று எழுதியதை இன்னொன்று காட்டாமல் போகலாம், காட்டவில்லை என்பதால் படம் இல்லை என்று அர்த்தம் இல்லை. இன்னொன்று, 32 ஜி.பி. வரை உள்ள கார்டும் 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ளதும் வேறு வேறு முறையில் எழுதப்படுகின்றன. பழைய கேமராவில் 64 ஜி.பி. கார்டைப் போட்டாலும் இதே கேள்வி வரக்கூடும்.

என் வயிற்றெரிச்சல் இனிமேல்தான். ஓகே அழுத்தியதால் படம் போகவில்லை. பட்டாவைக் கிழித்தால் நிலம் காணாமல் போகுமா? கேமராவில் செய்கிற சாதாரண ஃபார்மேட் பட்டாவைக் கிழிக்கிற வேலைதான். படம் கார்டிலேயே கிடக்கும். வேறொருவன் வந்து உழுது விதைத்தால்தான் நிலம் கைமாறும். இங்கே உழுதது அந்தப் பத்து நிமிஷ வீடியோ. ஃபார்மேட் ஆனதும் கார்டை வெளியே எடுத்திருந்தால் 612-ம் கிடைத்திருக்கும்.

கார்டைக் கொடுங்கள், இல்லாவிட்டால் பாக்கி கிடையாது என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தார். நல்ல வேளை, அதற்குப் பிறகு அந்தக் கார்டில் எதுவும் எடுக்கவில்லை. மச்சான் மகன் பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிறான். அவன் முதலில் கார்டின் ஓரத்தில் இருக்கும் குட்டி லாக்கைத் தள்ளிவிட்டான், புதிதாக எதுவும் எழுதப்படாமல் இருக்க. அப்புறம் ஃபோட்டோரெக் என்ற மென்பொருளைப் போட்டான். காசு கிடையாது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். மீட்டதை அதே கார்டில் போடாமல் லேப்டாப்பில் சேர்த்தான். பெயர், நம்பர் எல்லாம் மாறித்தான் வரும், ஆனால் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே இருக்கும். அதை வைத்து வரிசைப்படுத்தினோம்.

148 படம் வந்தது. கணக்குப் போட்டுக் காட்டினான்: பத்து நிமிஷ வீடியோ ஏறக்குறைய 3.7 ஜி.பி., ஒரு படம் சுமார் 8 எம்.பி. கார்டின் தொடக்கத்தில் இருந்த 464 படங்கள் மேல் அந்த வீடியோ ஏறி உட்கார்ந்துவிட்டது. தொடக்கத்தில் இருந்தது எது? சீர் ஊர்வலம், பச்சை ஓலை, மாலை. வீடியோவில் சீர் இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். இருக்கிறது, என் முதுகு நன்றாகத் தெரிகிறது.

ஆள் பேசும்போது இதையெல்லாம் கேளுங்கள். எத்தனை கார்டு கொண்டுவருவீர்கள்? ஃபோட்டோவுக்கும் வீடியோவுக்கும் தனித்தனியா? கேமராவில் இரண்டு கார்டு ஸ்லாட் இருக்கிறதா, இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதிகிற மாதிரி வைப்பீர்களா? மதியமே லேப்டாப்பில் ஏற்றுவீர்களா? கோபப்பட்டால் வேறு ஆள் பாருங்கள். உங்கள் சொந்தக் கார்டை யாராவது "அவசரம், கொஞ்சம் கொடுங்க" என்று கேட்டால், அதில் இருப்பதை வேறு இடத்தில் ஏற்றாமல் கொடுக்காதீர்கள். ஃபோட்டோகிராபர் பென்டிரைவ் கொடுத்தால் முதலில் நம்பரைப் பாருங்கள். அப்படியும் கார்டு அழிந்துவிட்டது என்று தெரிந்தால், கேமராவை ஆஃப் செய்து கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மீட்டதில் முதல் படத்தின் நேரம் 9:42. காலித் தட்டுகள் சுவரோரம் அடுக்கியிருக்கின்றன, பக்கத்தில் ஒரு பொடியன் சட்டையெல்லாம் சாறு வழிய செந்தூரா தின்றுகொண்டிருக்கிறான். அக்கா அதை ஆல்பத்தில் முதல் பக்கம் போடச் சொல்லியிருக்கிறாள். மாமாவோடு பேச ஆரம்பித்துவிட்டாள்.

பாக்கி 25,000-இல் 10,000 மட்டும் கொடுத்தோம், அதுவும் அந்தப் பையன் கையில். மீதிக்கு ஓனர் இரண்டு தடவை ஃபோன் செய்தார். காணாமல் போன 464 படத்துக்கு என்ன கணக்கு என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு ஃபோன் வரவில்லை.