முப்பது படமும் ஒரு தழும்பும்

எங்கள் கலியாணப் படங்கள் மொத்தம் ஏழு. 2006 ஆகஸ்டில், சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதையை மூடினார்கள். செப்டம்பரில் எங்களுக்குக் கொழும்பில் கலியாணம். யாழ்ப்பாணத்திலிருந்த இரண்டு பக்கத்துப் பெற்றோரும் லேசில் வர வழியில்லை. "படமாவது எடுத்து அனுப்புங்கோ" என்றார்கள். படம் பிடித்த நண்பன் பிலிம் முடிந்துவிட்டது என்று நினைத்து, சுருளைத் திருப்பிச் சுற்றாமலே கேமராவின் பின்மூடியைத் திறந்துவிட்டான். வெளிச்சுற்றில் இருந்ததெல்லாம் வெளிச்சம் பட்டு அழிந்தது. உள்ளே சுருண்டிருந்த முதல் ஏழு மட்டும் தப்பியது. அந்த ஏழில் வாழைமரம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், ஐயரின் முதுகு இருக்கிறது, ஒன்றில் என் மனைவியின் பாதி முகம் இருக்கிறது. தாலி கட்டுகிற படம் இல்லை.

2024இல் 18ஆவது கலியாண நாள் வந்தபோது, வழக்கமான சாறியை விட்டுவிட்டு அவளுக்கு ஒரு 'கப்பிள் ஷூட்' (சோடியாகப் படம் பிடிப்பது) பரிசாகக் கொடுத்தேன். நான் புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவன். கொடுத்த காசுக்கு என்ன வந்தது என்று பார்க்காமல் எனக்கு நித்திரை வராது. ஸ்டூடியோவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இரண்டு பொடியன்கள் நடத்துகிற சின்ன இடம், வேலை தெரிந்தவர்கள், ஆனால் குறை சொல்லவும் இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது.

விலை 35,000 ரூபா. இரண்டு மணித்தியாலம், ஒரு இடம், திருத்திய 30 படங்கள், 12க்கு 18 அங்குலத்தில் பிரேம் போட்ட ஒரு படம். பாதிக் காசு அட்வான்ஸ். மழை வந்தால் இன்னொரு நாள் காசில்லாமல் எடுத்துத் தருவோம் என்றார்கள். அதை வாய்ப்பேச்சில் விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கியது என் மூத்த மகளின் புத்தி. பொன் எழுத்தில் அச்சடித்த பரிசு அட்டை ஒன்றும் தந்தார்கள், அதற்கு மட்டும் தனியாக 500 ரூபா. அந்த 500 இன்னும் உறுத்துகிறது.

அட்டையை வியாழன் இரவு கொடுத்தேன். படப்பிடிப்பு ஞாயிறு. மனைவி அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "ஏனப்பா, உங்களுக்கு விசரே? மூண்டு நாளில ஆர் எனக்குச் சட்டை தைச்சுத் தாறது?"

இதை நான் யோசிக்கவே இல்லை. வெள்ளவத்தையில் அவள் வழக்கமாகக் கொடுக்கிற தையல்காரி இரண்டு கிழமைக்குக் குறைந்து எதையும் வாங்கமாட்டா. அலுமாரியில் இருந்த மாம்பழ நிறக் காஞ்சிபுரத்துக்கு உரிய சட்டை ஐந்து வருடப் பழையது, கையில் இறுக்கம். கடைசியில் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மகளும் தாயும் இருந்து, உள்ளே விட்டிருந்த தையலைப் பிளேடால் பிரித்துக் கொஞ்சம் இளக்கினார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், பேச்சு வாங்கினேன். இதே பரிசைக் கொடுக்க நினைக்கிற ஆண்களுக்குச் சொல்லுகிறேன்: அட்டையைக் கொடுங்கள், திகதியை மனைவியிடம் விடுங்கள்.

இடம் கொழும்புக் கடற்கரையில் இருக்கிற காலிமுகத்திடல். மறுநாள் மீலாத், அதற்கடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. நீண்ட விடுமுறை, சனம் நிரம்பி வழிந்தது. அந்த நாளை எடுத்தது என் பிழை. ஆனால் பொடியன்கள் இடம் பார்த்த விதத்தைப் பாராட்ட வேண்டும். வடக்குப் பக்கம் கடலை நிரப்பி உருவாக்கின போர்ட் சிட்டி மண் மேடு கடலை மறைக்கிறது, சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க முடியாது என்று சொல்லி, எங்களைத் தெற்கு முனைக்கு, பழைய ஹோட்டல் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஐந்து மணிக்குள் முகத்துக்கு நேரே வெயில் விழும், கண் சுருங்கும் என்று அதுவரைக்கும் பெரிய கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. அந்த நேரத்தில் சும்மா நடக்கவிட்டு, கதைக்கவிட்டுப் பழக்கினார்கள். ஆறு மணி கடந்து சூரியன் இறங்கிற அந்தக் கடைசி இருபது நிமிடத்தில்தான் பாதிக்கு மேற்பட்ட நல்ல படங்கள் விழுந்திருக்கின்றன.

கேமராக்காரப் பொடியன் சிங்களம். தமிழ் தெரியும், ஆனால் அவசரத்தில் வராது. "பொட்டக் ஹினாவென்ன அக்கே" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கொஞ்சம் சிரியுங்கோ அக்கா. என் மனைவிக்குக் கேமரா என்றால் பாஸ்போர்ட் படத்து முகம்தான் வரும். அவன் பத்தாவது தடவை அதைச் சொன்னபோது அவள் நிஜமாகவே சிரித்துவிட்டாள். அவன் அதைத் தவறவிடவில்லை.

பிடிக்காதது போஸ்கள். நெற்றியோடு நெற்றி முட்டச் சொன்னார்கள். தோளில் தாடை வைக்கச் சொன்னார்கள். என்னைப் பின்னால் வந்து இடுப்பைப் பிடிக்கச் சொன்னபோது பக்கத்தில் இறால் வடை விற்கிறவர் வியாபாரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இருபத்தைந்து வயதுச் சோடிக்கு மனப்பாடம் பண்ணி வைத்த பாடத்தை நாற்பதைத் தாண்டினவர்களிடமும் அப்படியே ஒப்புவிக்கிறார்கள். இரண்டு போஸுக்குப் பிறகு, "தம்பி, நாங்கள் இப்பிடி நிக்கிற ஆக்கள் இல்லை" என்று மனைவியே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு சரி. இன்னொன்று: வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்திலும் நாலு படம் எடுப்போமா என்று முதல்நாள் போனில் கேட்டார்கள். தண்டவாளத்தில் நடப்பதே சட்டப்படி குற்றம், காற்றும் அலையும் இரைகிற இடத்தில் ரயில் வருகிறது கேட்காது. முடியாது என்றேன், வற்புறுத்தவில்லை.

உதவிக்கு வந்த பொடியன் ஒரு பெரிய வட்டத் தட்டு வைத்திருந்தான். ஒரு பக்கம் பொன், மறு பக்கம் வெள்ளி, மடித்தால் சோற்றுக் கோப்பை அளவுக்குச் சுருங்குகிறது. சூரியன் எங்களுக்குப் பின்னால் போனதும் அந்த வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிவிடத்தான் அது. செப்டம்பர்க் காற்று தெரியும்தானே. தட்டு பாய்மரம் மாதிரி ஊதி, அவன் கையை விட்டுப் பறந்து, பட்டம் விடுகிற பிள்ளைகளுக்கு நடுவில் உருண்டு போனது. அவன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் ஓடினான்.

மூன்று கிழமையில் படங்கள் வந்தன, சொன்ன திகதிக்கு ஒரு நாள் முந்தியே. போனில் திறந்து மனைவியிடம் கொடுத்தேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது ஆர்?"

முகத்தை இரண்டு மடங்கு வெளுக்க வைத்திருந்தார்கள். சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து அவள் இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருக்கிறது, அரிசி அளவு. 18 வருடமாக நான் காலையில் முதலில் பார்க்கிறது அதைத்தான். முப்பது படத்திலும் அதைத் துடைத்து எடுத்திருந்தார்கள். என் முகத்தில் நரை மட்டும் அப்படியே இருந்தது, அது ஏனோ தெரியாது. கேட்டதற்கு, "எல்லாரும் இப்பிடித்தான் கேக்கிறாங்க அண்ணா" என்று பதில். கேட்காமலே செய்துவிட்டு இது ஒரு பதிலா? மனைவியைப் படம் எடுக்கக் காசு கொடுத்தேன், வேறு யாரோ ஒருத்தியை அனுப்பி வைத்தார்கள். ஆனால் சண்டை பிடிக்கவில்லை, ஒன்பது நாளில் முப்பதையும் திருத்தித் தந்தார்கள், மேலதிகக் காசு வாங்கவில்லை. மூலப் படங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. பதிவு செய்கிற அன்றே "நிறத்தையும் தழும்பையும் தொடவேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிரேமும் சரியில்லை. படத்தைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல் வைத்து அடைத்திருந்தார்கள். எங்கள் வீடு கடலுக்கு ஒரு ஒழுங்கை தள்ளி. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்தால் படம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கழற்றினால் உரிந்து வரும். காலி வீதியில் பிரேம் கடைக்காரரிடம் கொடுத்து, சுற்றிவர மட்டை வைத்து இடைவெளி விட்டு மாற்றிக்கொண்டேன். 2,800 ரூபா.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வெளிச்சத்தைக் கையாண்டதற்கும் பொறுமைக்கும் அந்த மூன்றரை. வெட்டினது போஸுக்கும் வெள்ளையடிப்புக்கும். இன்னொரு தடவை போவோமா என்றால் போவோம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, வேலை நாளில்.

பிரேம் போட எந்தப் படம் என்பதில் எனக்கும் அவளுக்கும் ஒத்துவரவில்லை. நான் சூரியன் இறங்குகிற படத்தைக் கேட்டேன், காசுக்குப் பெறுமதி அதுதான். அவள் எடுத்தது வேறு. அதில் நாங்கள் கேமராவைப் பார்க்கவே இல்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பி, தட்டுக்குப் பின்னால் ஓடுகிற பொடியனைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறோம். அவள் கை என் சேர்ட்டின் முழங்கைப் பக்கத்தைப் பிடித்திருக்கிறது, பிடித்தது அவளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. புருவத்துக்கு மேலே தழும்பு இருக்கிறது.

அதை யாழ்ப்பாணத்துக்கு மாமிக்கு அனுப்பினோம். நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவ போனில் தன் மகளைக் கேட்டது: "பிள்ளை, தாலிக்கொடியை ஏன் சாறிக்குள்ள விட்டனீ? வெளியில தெரியவல்லோ வேணும்?" காலிமுகத்திடலில் அந்தச் சனத்துக்குள் ஒன்பது பவுணை வெளியில் விட்டுக்கொண்டு நிற்க ஏலாது என்று இவள் விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தாள். மாமி கேட்கிற பாடில்லை. தாலி கட்டுகிற படம்தான் இல்லை, இதிலாவது தாலியைக் காட்டியிருக்கலாமாம்.