அப்பாவின் கால் புண்ணுக்கு நானோ வெள்ளிக் கட்டு: ஒரு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன்

அப்பாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. போன ஆடியில் வலது பெருவிரலுக்கு அடியில் ஆணி மாதிரி தடித்திருந்த இடம் வெடித்துப் புண்ணாகிவிட்டது. அவருக்கு வலியே தெரியவில்லை, பாய் ஈரமாக இருப்பதைப் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தார்.

முதலில் 1% சில்வர் சல்ஃபாடயசின் என்ற, வெள்ளி கலந்த கிருமிக்கொல்லிக் களிம்பு போட்டோம். தினமும் பழைய களிம்பைக் கழுவி எடுப்பதற்குள் அவருக்கும் எனக்கும் போதும் போதும் என்றாகிவிடும். அப்புறம் சர்ஜன் அழுகிய சதையை வெட்டி எடுத்துவிட்டு, நானோ வெள்ளி, அதாவது மிக நுண்ணிய வெள்ளித் துகள்கள், பூசிய டிரெஸ்ஸிங் எழுதிக் கொடுத்தார்.

முதல் வாரம் பெரிதாக மாற்றமில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. கட்டுப் போட்டுவிட்டவர்கள் அந்த டிரெஸ்ஸிங்கைச் சலைனில், அதாவது உப்பு நீரில், நனைத்திருக்கிறார்கள். சலைனில் இருக்கும் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து சில்வர் குளோரைடாகப் படிந்துவிடும், புண்ணுக்குப் போக வேண்டிய வெள்ளி குறைந்துவிடும். எங்களுடைய டிரெஸ்ஸிங்கை ஸ்டெரைல் வாட்டரில் (கிருமி நீக்கிய தண்ணீர்)தான் நனைக்க வேண்டும், உறையிலேயே போட்டிருக்கிறது. தயவுசெய்து இதை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரியாகப் போட ஆரம்பித்ததும் முதலில் போனது நாற்றம்தான். துகள்கள் அவ்வளவு நுண்ணியவை என்பதால் ஈரம் பட்டதும் வெள்ளி அயனிகள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டே இருக்கின்றன, அவை கிருமியின் சுவரையும் புரதத்தையும் கெடுக்கின்றன. அதனால் 3 நாளைக்கு ஒருமுறை மாற்றினால் போதும், தினமும் புண்ணைக் கிளற வேண்டியதில்லை.

ஓரத்தில் தோல் கருத்ததைப் பார்த்து விரல் அழுகுகிறதோ என்று பதறிவிட்டோம், வெள்ளிக் கறைதான், சில வாரத்தில் மங்கிவிட்டது. டிரெஸ்ஸிங் காய்ந்தால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். விலையும் கையைக் கடிக்கிறது.

2 வாரம் கழித்துப் பார்த்த சர்ஜன், சீழ் நின்றுவிட்டது, வெள்ளியை நிறுத்துங்கள் என்றார். நன்றாகத்தானே வேலை செய்கிறது, இன்னும் கொஞ்ச நாள் போடலாமே என்று நான் கெஞ்சினேன். அது கிருமியைக் கொல்லத்தான், சதை வளர்க்க இல்லை என்றார். சர்க்கரைக் கால் புண்ணை ஆற்றுவதற்காக மட்டும் வெள்ளி போட வேண்டாம் என்றுதான் சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறதாம். பிறகு சாதாரணக் கட்டு, அந்தக் காலில் பாரம் விழாதபடி மாவுக்கட்டு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தது, இவைதான் 5 மாதத்தில் புண்ணை மூடின. நாங்கள் வெள்ளியையே நம்பிக்கொண்டு அவரை நடக்க விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

புண் மூடிய பிறகு ஒருமுறை அதே இடத்தில் சின்ன வெடிப்பு வந்தது. அலமாரியில் பிரித்த உறையில் மிச்சத் துண்டு இருந்தது, எடுத்துப் போடப் போனவன் நிறுத்திக்கொண்டு டாக்டரிடம் காட்டினேன். கிருமி இல்லை, வெறும் கட்டுப் போதும் என்றார். மிச்சத்தைக் குப்பையில் போட்டேன், பிரித்த உறைக்குள் இருந்தது இனி ஸ்டெரைல் இல்லை.

இப்போது அப்பா வீட்டுக்குள்ளும் எம்சிஆர் செருப்புதான், சர்க்கரைக்காரர்களின் காலுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு. பூஜை அறை வாசலில் மட்டும் கழற்றுகிறார், அதற்கு இன்னும் தினமும் சண்டை.